நாவல்மேட்டுப் பாயிண்ட்

“நான் பார்த்து வெச்ச இடம் வேற, அவங்க போர் போட்ட இடம் வேற. ஆனா இதைச் சொன்னா நம்பறதுக்கு ஊர்ல ஒரு ஆள் இல்லைங்க.”

சொல்லிவிட்டு இசைவாணி தன் தோள்பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். திண்டிவனத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்திருந்தாள்.

விழுப்புரம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு செல்போன் கடையின் மாடியில் இருந்தது இருதயமேரியின் துப்பறியும் அலுவலகம். நீதிமன்றங்களில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சாட்சி திக்கினாலும் உளறினாலும் சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதிப் பழகிய கை. இப்போதும் வருகிறவர்களைப் பேசவிட்டுவிட்டு, கண்ணை லேசாக மூடியபடி கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு உதவியாளன் மணிமாறன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். சவாரி இல்லாத நேரமெல்லாம் தன்னைத் துப்பறிவாளனாகவே நினைத்துக்கொள்கிறவன்.

“மொதல்லேந்து சொல்லும்மா” என்றார் இருதயமேரி.

இசைவாணி நிலத்தடி நீர் ஆய்வு செய்கிறவள். தரைக்குள் மின்சாரம் செலுத்தி, பாறையில் எங்கே வெடிப்பு ஓடுகிறது, எங்கே நீர் நிற்கிறது என்று கருவியால் அறிந்து சொல்வது அவள் தொழில். மயிலத்துக்கு அப்பால் நாவல்மேடு காலனியில் குடிதண்ணீர் இல்லை. பெண்கள் தார் ரோடு வரை நடந்துபோய்க் குடம் தூக்கி வந்தார்கள். ஊர்க்காரர்கள் கூடிப் பணம் போட்டு இசைவாணியை அழைத்தார்கள். காலனியை ஒட்டிய காலி மைதானத்தின் நடுவில் நல்ல நீரோட்டம் தெரிந்தது. சிவப்புச் சாயம் பூசிய கல்லொன்றை அந்த இடத்தில் நட்டுவிட்டு வந்தாள்.

“போர் போடற ரிக் வண்டி வர்ற அன்னிக்குக் கோட்டக்குப்பத்துல எனக்கு வேற வேலை. முடிச்சிட்டு நாவல்மேட்டுக்குப் போனா, எல்லாம் முடிஞ்சிபோச்சு. மைதானத்து ஓரமா ஒரு வேப்ப மரம் இருக்கு. அதாண்ட போர் ஓட்டியிருக்காங்க. ஐந்நூறு அடி. வெறும் பாறைப் புகைதான், ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. என் கல்லையும் காணோம். கேட்டா, ‘நீங்கதானே இடத்த மாத்தினீங்க’ன்றாங்க. நான் மாத்தவே இல்லைங்க! தப்பாப் பார்த்துட்டு இப்ப மாத்திப் பேசறேன்னு ஊரே சொல்லுது. அடுத்து என்னைக் கூப்பிட இருந்த ரெண்டு ஊர்க்காரங்களும் வேணாம்னுட்டாங்க.”

“யாரோ பாயிண்ட்டையே திருடிட்டாங்கக்கா!” என்று எழுந்து நின்றான் மணிமாறன். “ஜல்தியா கெளம்புங்க. வண்டிய எடுக்கறேன்.”

“இரு மாறா. மொதல்ல திண்டிவனம். ரிக் வண்டிக்காரர்கிட்ட யார் சொன்னாங்கன்னு தெரியணும்.”

திண்டிவனத்தில், புழுதி படிந்த குழாய்களுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் ரிக் வண்டியின் உரிமையாளர் வெங்கடாசலம். இசைவாணியைக் கண்டதும் முகம் சுருங்கியது. இருதயமேரி பொறுமையாகக் கேட்டபிறகு பேசினார்.

“மொத நாள் சாயங்காலம் ஒரு போன் வந்துச்சிம்மா. நாவல்மேட்லேந்து பேசறதா சொன்னாங்க. கரகரன்னு தொண்ட கட்டின குரலு. பின்னால ஒரே பஸ் ஆரன். ஆம்பளையா பொம்பளையான்னுகூட சரியாத் தெரியல. அப்புறம் அந்த நம்பருக்குப் போட்டுப் பாத்தேன். காலேஜ் படிக்கிற புள்ளையாம், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல யாரோ அவசரம்னு கேட்டாங்க, குடுத்தேன்னு சொல்லிச்சி. மூஞ்சி ஞாபகம் இல்லயாம்.”

“போன்ல என்ன சொன்னாங்க? அதே வார்த்தையில சொல்லுங்க.”

வெங்கடாசலம் யோசித்தார். “‘மேடம் எடத்த மாத்திட்டாங்க. வேப்ப மரத்தாண்ட பாயிண்ட் எடுத்துருக்காங்க, அங்கியே ஓட்டிடுங்க’ன்னாங்க. ‘எடுத்துட்டாங்களா? அப்ப போரு வேணாமா?’ன்னு நான் கேட்டேன். ‘அதில்லங்க, பாயிண்ட் எடுத்துருக்காங்க’ன்னு திரும்பவும் அதையே சொன்னாங்க. எங்க பசங்ககிட்ட சொல்லி சிரிச்சேன், அதான் மனசுல நிக்குது.”

“நீங்க போனப்ப வேப்ப மரத்தடியில அடையாளம் ஏதாவது இருந்துச்சா?”

“இல்லாம ஓட்டுவனா?” அவர் தன் போனைத் தேய்த்து ஒரு படத்தைக் காட்டினார். வேலை தொடங்குமுன் போட்ட பூசைப் படம். எலுமிச்சம்பழம், கற்பூரம், தேங்காய். அவற்றுக்குக் கீழே தரையில் வெள்ளைச் சுண்ணாம்புப் பொடியில் ஒரு பெருக்கல் குறி. இரண்டு கோடுகளும் கயிறு பிடித்தாற்போல் நேராக, முனையிலிருந்து முனைவரை ஒரே அகலத்தில் இருந்தன.

“நான் சுண்ணாம்பே வெச்சிக்கறதில்லைங்க” என்றாள் இசைவாணி. “கல்லுக்குப் பெயிண்ட் அடிச்சி நட்டுடுவேன்.”

இருதயமேரி படத்தை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, “போலாம்” என்றார்.

கூட்டேரிப்பட்டில் திரும்பி, மயிலம் மலையை ஒட்டிப் போய், மண்சாலையில் குலுங்கி நாவல்மேட்டை அடைந்தது ஆட்டோ. மைதானம் ஒரு பக்கம் காலனி வீடுகளாலும், மறுபக்கம் முள்வேலியாலும் சூழப்பட்டிருந்தது. நடுவில் கபடி ஆடுகளம். வெயிலில் அதன் வெள்ளைக் கோடுகள் கண்ணைக் கூசவைத்தன. ஓரத்தில் வேப்ப மரம். அதனடியில் மூடி போட்ட வறண்ட குழி, சுற்றிலும் சாம்பல் நிறப் பாறைத் தூள்.

மணிமாறன் வேலியோரம் குனிந்து குனிந்து நடந்தான். திடீரென்று கத்தினான். வேலிக்கு அந்தப் பக்கம், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிய கொல்லையில், சிவப்புச் சாயம் பூசிய கல் கிடந்தது.

“என் கல்லுதான்” என்றாள் இசைவாணி. “அது பாண்டுரங்கன்கறவரோட கொல்லை. அவருக்குச் சொந்தமா போர் இருக்கு.”

“கேஸ் முடிஞ்சிபோச்சிக்கா! கொல்ல யாருது? பாண்டுரங்கனுது. தனக்குப் போர் இருக்கு. பக்கத்துல இன்னொண்ணு போட்டா தன் தண்ணி எறங்கிடும்னு அந்தாளு பண்ண வேல!”

“கல்லைத் திருடினவர் தன் கொல்லையிலேயே எல்லாரும் பார்க்கற மாதிரி போட்டு வெப்பாரா? வேலிக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து வீசினா அங்கதான் விழும்” என்றார் இருதயமேரி.

மணிமாறன் முகம் வாடினான். இருந்தாலும் பாண்டுரங்கனைப் பார்க்காமல் போக முடியவில்லை. மாட்டுக்கொட்டகைக்கு அருகில் நின்றிருந்த அவர், கேள்வி வருமுன்னே வெடித்தார்.

“எம்மேலதான் பழி போடுவாங்கன்னு தெரியும். வண்டிப்பாதை கேட்டப்ப குடுக்கலன்னு என்னிக்கோ ஒரு கோவம். நானும் போர் போட்டவந்தான்ம்மா. மூணு எடத்துல பாயிண்ட் பாத்து, ரெண்டு புகையாப் போயி, மூணாவதுலதான் தண்ணி பாத்தேன். தண்ணி இல்லாத பேஜாரு எனக்குத் தெரியாதா? அவங்க போடட்டும்னுதான் சொன்னேன்.”

காலனியில் சிலர் வேறொரு பெயரை முணுமுணுத்தார்கள்: மாசிலாமணி. வேப்ப மரம் அவர் வீட்டு வாசலில் நிற்கிறது. அங்கே தண்ணீர் வந்தால் அவருக்குத்தான் சுகம். போதாததற்கு, எப்போதும் இருமி இருமிக் கரகரத்த குரல் அவருக்கு. மணிமாறன் இருதயமேரியின் காதோரம் வந்து, “குரல் ஒத்துப்போவுதுக்கா” என்று கிசுகிசுத்தான்.

மாசிலாமணி விழுப்புரம் ஜங்ஷனில், ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் இருதயமேரி ஆழ்துளைக் கிணற்றைப் பற்றியோ கல்லைப் பற்றியோ கேட்கவே இல்லை. ரயிலைப் பற்றிக் கேட்டார். கிழவர் முகம் மலர்ந்தது.

“வண்டி எந்த லைன்ல போவணுமோ அதுக்குத் தக்கன பாயிண்ட்ட செட் பண்ணணும்மா. செட் பண்ணிட்டா மட்டும் போதாது, லாக் பண்ணணும். ஒரு விரக்கடை எடைவெளி இருந்தாலும் வண்டி கவுந்துடும். என் சர்வீஸ்ல ஒரு தரம்கூட அப்பிடி ஆவல.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “எங்கூட்டாண்ட போர் போட்டதுக்கு நான்தான் காரணம்னு பேசிக்கிறாங்க. தண்ணி வந்திருந்தா பொறுத்துக்கலாம். வராத தண்ணிக்குப் பழி.”

வெளியே விசில் சத்தம் கேட்டது. ஆடுகளத்தில் பெண்கள் பயிற்சிக்குக் கூடியிருந்தார்கள். அவர்களுடைய பயிற்சியாளர் பூமாலை, நாற்பது வயதிருக்கும் பெண்மணி, மாவட்ட அணிக்கு ஆடியவர். டிராக் பேண்டும் பழைய பனியனுமாக நின்றுகொண்டு விசிலால் ஆணையிட்டார்.

“வாயால சொல்ல மாட்டீங்களா?” என்று சிரித்தார் இருதயமேரி.

“கத்திக் கத்தித் தொண்ட பூடுச்சிங்க. டாக்டரு கொஞ்ச நாளிக்கி விசிலு ஊதுன்னாரு. இப்பதான் கொரலு தெளிஞ்சிருக்கு.” பூமாலையின் கண் ஆடுகளத்தை விட்டு விலகவில்லை. “அதோ, அந்தப் பொண்ணப் பாருங்க. ஆர்த்தி. மயிலம் காலேஜ்ல படிக்குது. போன மாசம் திண்டிவனத்துல நடந்த மேட்ச்ல, ஒரே ரெய்டுல மூணு பாயிண்ட் எடுத்துக்கினு வந்துச்சி. ஸ்டேட் செலக்‌ஷனுக்குக் கூப்புட்டுருக்காங்க.”

ஆர்த்தி பாடிக்கொண்டே எதிர்ப்பக்கம் நுழைந்து, தொட்டு, திமிறி, கோட்டில் கைவைத்து விழுவதை இருதயமேரி பார்த்தார். புழுதி அடங்கியதும் இசைவாணியிடம் திரும்பினார்.

“நீ பார்த்து வெச்ச இடம் எதும்மா? காட்டு.”

இசைவாணி நடந்துபோய் ஆடுகளத்தின் நடுக்கோட்டின் மேல் நின்றாள்.

இருதயமேரி பெருமூச்சு விட்டார். “மாறா, எல்லாரையும் வரச்சொல்லு. பாண்டுரங்கனையும்.”

வெயில் தாழத் தொடங்கியபோது ஊரே வேப்ப மரத்தடியில் கூடியது. பாண்டுரங்கன் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார். தகவல் கேட்டு வெங்கடாசலமும் மோட்டார் பைக்கில் வந்திருந்தார்.

“இந்தப் பொண்ணு இடத்த மாத்தல” என்று அமைதியாகத் தொடங்கினார் இருதயமேரி. “அவங்க நட்ட கல்லு பிடுங்கி வீசப்பட்டிருக்கு. இந்த மரத்தடியில வேற யாரோ அடையாளம் போட்டு, வெங்கடாசலத்துக்கு போன் பண்ணியிருக்காங்க. யாருக்கு லாபம்னு எல்லாரும் தேடினீங்க. தண்ணியால வர்ற லாபம், தண்ணியால வர்ற நஷ்டம். அதனால பாண்டுரங்கன் மேலயும் மாசிலாமணி மேலயும் சந்தேகம் வந்துச்சு. நான் தண்ணியப் பத்தி யோசிக்கல. போன்ல வந்த வார்த்தையப் பத்தி யோசிச்சேன்.”

“இன்னா வார்த்த?” என்றது ஒரு குரல்.

“பாயிண்ட். எல்லாரும் சொல்ற வார்த்தைதான். வக்கீல்கிட்ட ஒரு பாயிண்ட் இருக்கு, ஆட்டோ நிக்கறதுக்கு ஒரு பாயிண்ட் இருக்கு, செவுத்துல பிளக் சொருக ஒரு பாயிண்ட் இருக்கு. வார்த்தை ஒண்ணுதான். ஆனா அதை வெச்சி ஒவ்வொருத்தரும் செய்யற வேலை வேற.” அவர் இசைவாணியைப் பார்த்தார். “நீ பாயிண்ட்டை என்னம்மா பண்ணுவே?”

“பார்ப்பேன். பார்த்து வெப்பேன்.”

“பாண்டுரங்கன்?”

“நாங்களும் பாயிண்ட் பாக்கறதுன்னுதான் சொல்லுவோம்” என்றார் அவர், வேலிக்கு அப்பாலிருந்து.

“மாசிலாமணி ஐயா?”

“செட் பண்ணுவேன். லாக் பண்ணுவேன்.”

இருதயமேரி கூட்டத்தின் ஓரத்தில் வியர்வையோடு நின்றிருந்த பெண்ணிடம் திரும்பினார். “ஆர்த்தி, நீ?”

“எடுப்பேன் மேடம்!” என்றாள் ஆர்த்தி, சட்டென்று, பெருமையாக.

வெங்கடாசலம் தலையை நிமிர்த்தினார். “போன்ல சொன்னது அதானே! ‘பாயிண்ட் எடுத்துருக்காங்க’ன்னு. ரெண்டு தரம்!”

ஆர்த்திக்குத் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று புரியவில்லை. பூமாலையின் கையிலிருந்த விசில் கயிறு விரல்களில் சுற்றிக்கொண்டே போனது.

“பழக்கத்துல வாய்க்கு வர்ற வார்த்தைய யாராலயும் மறைக்க முடியாது” என்றார் இருதயமேரி. அவர் குரலில் கடுமை இல்லை. “அந்தச் சுண்ணாம்புக் கோட்டையும் பார்த்தேன். கயிறு பிடிச்சிப் பொடி தூவி, ஒரே அகலத்துல ஆடுகளத்துக்குக் கோடு போடற கை இந்த ஊர்ல ஒண்ணுதான் இருக்கு. தொண்டை கட்டியிருந்தது மாசிலாமணிக்கு மட்டும் இல்ல. கடைசியா, மைதானத்து நடுவுல போர் போட்டு, மோட்டார் ரூம் கட்டி, டேங்க் வெச்சா, யாருக்கு நஷ்டம்? தண்ணி நஷ்டம் இல்ல. இடம் நஷ்டம்.”

“நான்தான்” என்றார் பூமாலை.

கூட்டம் சலசலத்தது. இருதயமேரி கையை உயர்த்தி அடக்கினார்.

“மொதல்ல ஏரிக்குள்ள ஆடினோம். அங்க வேலி போட்டுட்டாங்க. அப்புறம் ரோட்டோரம். அங்க குடிச்சிப்புட்டு வர்றவனுங்க பேஜாரு. இந்த மைதானம் கெடச்ச பிறகுதான் பொண்ணுங்கள ஊட்லேந்து அனுப்பினாங்க. இதுவும் பூட்டா, இவங்கள மூலையில உக்கார வெச்சி ஒரு வருசத்துல கட்டிக்குடுத்துடுவாங்க. கல்லைப் பாத்ததும் புடுங்கி வேலிக்கு அந்தாண்ட வீசிட்டேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல யார்கிட்டயோ போன் வாங்கிப் பேசினேன்.” பூமாலை நிமிர்ந்து இசைவாணியைப் பார்த்தார். “தண்ணி வரக்கூடாதுன்னு நெனைக்கலம்மா. கர்த்தர் மேல சத்தியமா நெனைக்கல. இங்க இருக்கற தண்ணி இப்பிடிக் கொஞ்சம் தள்ளி மரத்தாண்டயும் இருக்கும்னு நெனச்சேன். பூமிக்கடியில எல்லா எடத்துலயும் ஒரே தண்ணிதானேன்னு. புகை வந்தப்ப எனக்கு உசுரே பூடுச்சி. உன்ன எல்லாரும் ஏசறப்ப சொல்லணும்னு வந்தேன். வாய் வரல.”

இசைவாணியின் முகம் சிவந்திருந்தது. “என் தொழிலே போச்சுங்க” என்றாள்.

பின்னாலிருந்து ஒரு பெரியவர், “ஊர்ப் பணம் போச்சி, இவளுக்கு ஆட்டம் கேக்குதா? மைதானத்த மூடுங்க!” என்று கத்தினார்.

ஆர்த்தி முன்னால் வந்தாள்.

“நானும் கோவமாத்தான் இருக்கேன். ஆனா ஒண்ணு சொல்றேன் பூமாலக்கா. நம்ம டீம்ல எத்தினி பேரு பாதியில நின்னுட்டாங்க? ஏன் நின்னாங்க? சாயங்காலம் ஆனா ரோட்டுக்குக் குடம் தூக்கிக்கினு போவணும். அதான். தண்ணி இங்கியே வந்தா அவங்க எல்லாரும் ஆட வருவாங்க. ஓரமா ஒதுங்கி ஆடிக்கலாம். நீங்க என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்க்கா.”

பூமாலை பனியன் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இசைவாணி ஆடுகளத்தை ஒருமுறை கண்ணால் அளந்தாள். பிறகு மெல்ல வேலிப் பக்கம் நடந்தாள். திரும்பி வந்தாள்.

“பாயிண்ட்னு சொல்றோமே தவிர, கீழ இருக்கறது பாறை வெடிப்புங்க. அது கோடு மாதிரி ஓடும். நடுக்களத்துலேர்ந்து இந்த வேலி மூலைக்குத்தான் ஓடுது. மூலையிலயும் எனக்கு நல்லாத்தான் காட்டுச்சு. ஆனா அந்த மூலை வீடுங்களுக்குப் பின்னால ஒதுங்கியிருக்கு, ரிக் வண்டி அங்க போக வழி கிடையாது. காலனிச் சந்து குறுகல். அதனாலதான் நடுவுல வெச்சேன்.”

எல்லோருடைய பார்வையும் ஒரே திசையில் திரும்பியது. பாண்டுரங்கன் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாடை இறுகியது, தளர்ந்தது.

“இன்னா எல்லாரும் என்னையே பாக்கறீங்க? மல்லாட்டைதான் புடுங்கியாச்சே. என் கொல்ல வழியா வண்டி போவட்டும். வேலிய நான் பிரிச்சி உடறேன். திருடன்னு சொன்ன வாயால நாளைக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க, போதும்.”

யாரோ சிரித்தார்கள். மாசிலாமணி இருமிக்கொண்டே கைதட்டினார்.

வெங்கடாசலம் தொண்டையைச் செருமினார். “மேடத்தக் கேக்காம, போன்ல யாரோ சொன்னத நம்பி ஓட்டினது என் தப்பும்தான். டீசலப் போட்டுக் குடுங்க. கூலி வேணாம்.”

“டீசல் நான் போடறேன்” என்றார் பூமாலை.

திரும்பும் வழியில் மணிமாறனுக்கு மனம் ஆறவில்லை. “குத்தவாளியப் புடிச்சிக் குடுத்தும் போலீசுக்குச் சொல்லலியேக்கா.”

“இசைவாணிகிட்ட கேட்டேன் மாறா. புகார் வேணாம், தண்ணி வந்தா போதும்னுட்டா. என் கட்சிக்காரி அவதான்.”

ரிக் வண்டி அந்த வாரமே வந்தது. இந்த முறை இசைவாணி விடியும் முன்பே வந்து, வேலி மூலையில் மறுபடி அளந்து, கல்லைத் தன் கையால் நட்டாள். இருதயமேரியும் மணிமாறனும் வந்திருந்தார்கள். பாண்டுரங்கன் பிரித்த வேலி வழியாக வண்டி ஆடி ஆடி நுழைந்தது. தூண் நிமிர்ந்தது. கம்ப்ரசர் உறுமியது.

முதலில் புகை. சாம்பல் நிறப் புகை எழுந்து காலனி வீடுகளின் மேல் படிந்தது. இருநூறு அடிக்கும் புகைதான். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இசைவாணி குழியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பூமாலை அவளுக்குப் பின்னால், ஒட்டாமல் விலகாமல் நின்றார். இன்னும் ஒரு குழாய் இறங்கியது. இன்னும் ஒன்று.

புகையின் நிறம் கறுத்தது. தூள் கட்டிகட்டியாக விழுந்தது. ரிக் ஆட்களில் ஒருவன் குனிந்து அதைக் கையில் எடுத்துப் பிசைந்து, “ஈரம்!” என்று கத்தினான். அவன் கத்தி முடிப்பதற்குள் குழியிலிருந்து சேறு பீறிட்டது. அதன்பின் கலங்கிய நீர், அதன்பின் வெண்மையாக நுரைத்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு எழுந்தது தண்ணீர். பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு அதன் கீழே ஓடினார்கள். மணிமாறன் சட்டையோடு நனைந்தான். மாசிலாமணி இரண்டு கைகளையும் மேலே தூக்கி ஸ்தோத்திரம் சொன்னார்.

தண்ணீர் தெளிகிறவரை இசைவாணி காத்திருந்தாள். பிறகு ஒரு சொம்பில் பிடித்து, ஒரு வாய் ஊற்றி, நாக்கில் நிறுத்திப் பார்த்தாள். சுற்றி நின்றவர்கள் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

“உப்பு இல்லை” என்றாள். “நல்ல தண்ணி.”

குடங்கள் முட்டிமோதிக்கொண்டு வந்தன. அந்த நெரிசலுக்கு வெளியே நின்ற பூமாலை, அருகில் வரலாமா என்று தெரியாமல், இரண்டு கைகளையும் குவித்து நீட்டினார். இசைவாணி ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு நடந்துபோய், சொம்பைச் சாய்த்து, அந்தக் கைகள் நிரம்பி வழியும்வரை ஊற்றினாள்.